குடும்பத்தில் புரதம் எஸ் குறைபாடு: யார் யார் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்?

இளவேனில்:

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு வயது 34. சென்ற ஆண்டின் இறுதியில் அவருடைய இடது காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டியிலிருந்து பிரிந்த ஒரு துண்டு நுரையீரலுக்குச் சென்று அடைத்துக்கொண்டது. அதற்கு முன் அறுவை சிகிச்சையோ, எலும்பு முறிவோ, நெடும்பயணமோ எதுவும் இல்லை. மருத்துவமனையில் சேர்த்த மறுநாள் எடுத்த ரத்தத்தில், அளவுக்கு மீறி உறையாமல் காக்கும் புரதங்களில் ஒன்றான புரதம் எஸ், இயல்பளவில் 41 சதவீதம் என்று வந்தது. அதைப் பார்த்துவிட்டு, இது பரம்பரைக் குறைபாடு என்றும், குடும்பத்தில் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அவர் ரிவரோக்சபான் என்னும் உறைதடுப்பு மாத்திரை எடுத்துக்கொள்கிறார்.

என் சித்தப்பா ஒருவர், நாற்பது வயதைத் தொடுவதற்குள், கால் எலும்பு முறிந்து படுக்கையில் இருந்த நாள்களில் திடீரென மூச்சுத் திணறி இறந்துபோனார். அன்று அதை மாரடைப்பு என்றே சொன்னார்கள். இப்போது யோசித்தால் ஐயமாக இருக்கிறது. அப்பாவுக்கு 63 வயதாகிறது; அவருக்கு இதுவரை எந்தத் தொல்லையும் வந்ததில்லை. எனக்கு 29 வயது. மாதவிடாய் ஒழுங்கின்மைக்காக ஹார்மோன் மாத்திரை எடுத்துவருகிறேன். அடுத்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ள எண்ணியிருக்கிறோம். அக்காவுக்கு ஆறு வயதில் ஒரு மகன் இருக்கிறான். நாங்கள் எல்லோரும் உடனே ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டுமா? சிறுவனுக்கும் பார்க்க வேண்டுமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செங்குருதி:

இளவேனில் அவர்களுக்கு: நான் குருதியியல் மருத்துவன். உங்கள் அண்ணனை நேரில் பார்க்காமல் சொல்லக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன், நீங்கள் எடுத்துவரும் மாத்திரையில் எஸ்ட்ரோஜன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எந்தப் பரிசோதனைக்கும் காத்திராமல் இந்த வாரமே உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் பேசுங்கள். எஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை, குறைபாடு ஏதும் இல்லாத பெண்களிலேயே சிரையில் ரத்தம் உறையும் வாய்ப்பை மூன்று நான்கு மடங்கு உயர்த்துகிறது. உடன்பிறந்தவருக்கு இளம் வயதில், காரணமே இல்லாமல் நுரையீரல் அடைப்பு வந்திருக்கிறது என்ற ஒரு செய்தியே மாற்று மருந்தை நாடுவதற்குப் போதுமானது. புரோஜெஸ்டிரோன் வகை மட்டும் உள்ள மாத்திரையோ, கருப்பைக்குள் வைக்கும் சாதனமோ உங்களுக்குப் பொருந்துமா என்பதை அவர் சொல்வார்.

இனி அந்த 41 சதவீதம். அந்த எண்ணை வைத்து இப்போதைக்கு எதையும் முடிவு செய்ய முடியாது. ரத்தத்தை உறைய வைக்கும் காரணிகள் இருப்பதைப் போலவே, அந்த உறைதல் தேவையான இடத்தோடு நின்றுவிட வேண்டும் என்பதற்காக இயங்கும் புரதங்களும் நம் ரத்தத்தில் இருக்கின்றன. ரத்தநாளத்தின் உட்சுவரில் திராம்போமாடுலின் என்னும் மூலக்கூற்றோடு, ரத்தத்தை உறைய வைக்கும் திராம்பின் சேரும்போது புரதம் சி செயலூக்கம் பெறுகிறது. செயலூக்கம் பெற்ற புரதம் சி, புரதம் எஸ்-ஐத் துணையாகக் கொண்டு, உறைதலை முடுக்கிவிடும் ஐந்தாம் காரணியையும் எட்டாம் காரணியையும் வெட்டிச் செயலிழக்கச் செய்கிறது. ஆன்டித்திராம்பின் என்னும் இன்னொரு புரதம் வேறு வழியில், திராம்பினையும் பத்தாம் காரணியையும் நேரடியாகப் பிடித்து முடக்குகிறது. இந்த மூன்றில் ஏதேனும் ஒன்று பிறவியிலேயே பாதியளவாக இருந்தால், சிரைகளில் ரத்தம் உறைவதற்கான சாய்வு கூடுகிறது.

ஆனால் பிறவிக் குறைபாடு இல்லாமலே இவை குறையலாம். புதிதாக ஒரு பெரிய ரத்தக்கட்டி உருவாகும்போது இந்தப் புரதங்கள் செலவாகிவிடுகின்றன. கல்லீரல் நோயில் உற்பத்தி குறைகிறது. சி, எஸ் இரண்டும் வைட்டமின் கே-யைச் சார்ந்தவை என்பதால் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கும் உறைதடுப்பு மாத்திரையான வார்ஃபரின் எடுப்பவர்களிடம் அவை குறைவாகவே இருக்கும். ஊசியாகப் போடும் உறைதடுப்பு மருந்தான ஹெப்பாரின் ஆன்டித்திராம்பினைக் குறைக்கிறது. சிறுநீரகம் புரதத்தை இழக்கும் நோயிலும் ஆன்டித்திராம்பின் சிறுநீரோடு போய்விடுகிறது. கருத்தரிப்பும் எஸ்ட்ரோஜனும் புரதம் எஸ்-ஐக் குறைக்கின்றன. ஆகவே, உறைவு நேர்ந்த மறுநாள் எடுத்த ரத்தத்தைக் கொண்டு, குறைவாக இருந்ததால் உறைந்ததா, உறைந்ததால் குறைந்ததா என்று யாராலும் சொல்ல இயலாது.

அண்ணனுக்கு மீண்டும் பார்த்து உறுதி செய்வதே முதல் வேலை. அது உறுதியாகும்வரை குடும்பத்தினரைச் சோதிப்பது வீண்.

மெய்ப்பொருள்:

மருத்துவர் ஐயா சொன்னதில் கடைசி வரியை மட்டும் நான் இன்னும் ஓர் அடி முன்னே கொண்டுபோக விரும்புகிறேன். உறுதியானாலும்தான் என்ன பயன்? அண்ணனுக்குக் காரணமின்றி உறைந்தது. காரணமின்றி உறைந்தவர் மருந்தை நிறுத்தினால் முதல் ஆண்டிலேயே சுமார் பத்தில் ஒருவருக்கும், பத்தாண்டுகளுக்குள் மூன்றில் ஒருவருக்கும் மேலாகவும் அது திரும்ப வருகிறது. புரதம் எஸ் இயல்பாக இருந்தாலும் நீண்டகால மருந்தைத்தான் அவர் யோசிக்க வேண்டியிருக்கும். அப்படியானால் பரிசோதனை அவருடைய சிகிச்சையை மாற்றவில்லை.

மற்றவர்களுக்கோ நோயே இல்லை. நோயில்லாதவரிடம் ‘உனக்குக் குறைபாடு இருக்கிறது’ என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டு, ‘ஆனால் மருந்து எதுவும் வேண்டாம்’ என்று அனுப்பினால், அவர் வாழ்நாள் முழுதும் கால் வலிக்கும்போதெல்லாம் அஞ்சுவார். இன்னொரு பக்கம், ‘உனக்கு இல்லை’ என்று வந்தவர் எல்லா எச்சரிக்கையையும் கைவிட்டுவிடுவார். இரண்டும் தீங்கு. பரிசோதனை செய்ய முடிகிறது என்பதற்காகவே செய்யும் பழக்கம் மருத்துவத்தில் பெருகிவிட்டது.

வாசுகி:

மெய்ப்பொருள் அவர்களுக்கு: அந்தத் தாளை நான் இளம் வயதிலேயே பெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன். என் அம்மாவுக்கும் எனக்கும் புரதம் சி குறைபாடு. எனக்கு இதுவரை ஒருமுறைகூட உறைந்ததில்லை. அன்றாட மருந்து எதுவும் இல்லை. அச்சத்தோடும் நான் வாழவில்லை. ஆனால் எனக்கு இது தெரிந்திருந்ததால், இரண்டு பேறுகாலங்களிலும் என் மருத்துவர் குறைந்த மூலக்கூற்றெடை ஹெப்பாரின் ஊசி கொடுத்தார். பிரசவத்துக்குப் பின்னும் ஆறு வாரங்கள் தொடர்ந்து போட்டுக்கொண்டேன். வயிற்றில் நானே குத்திக்கொள்ளும் சிறிய ஊசிதான். நீலம் பாரித்த தடங்களைத் தவிர வேறு துன்பம் இருக்கவில்லை. அம்மாவுக்கு அவருடைய காலத்தில் இதை யாரும் சொல்லவில்லை. என் தம்பி பிறந்த இரண்டாம் வாரத்தில் அவருக்குத் தொடைவரை வீங்கியது. அந்தக் காலில் இன்றும் மாலையானால் வீக்கமும் கனமும் வருகின்றன. தெரிந்துகொள்வதற்கும் தெரியாமல் இருப்பதற்கும் இடையிலான வேறுபாடு என் வீட்டில் இதுதான்.

செங்குருதி:

மெய்ப்பொருள் சொல்வதில் பாதியை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். அண்ணனுடைய மருந்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அவருக்குக் காரணமின்றி உறைந்தது என்பதுதான். ஐரோப்பிய வழி மக்களில் ஏறத்தாழ 5 சதவீதத்தினரிடம் காணப்படும் ஐந்தாம் காரணி லைடன் என்னும், உறையும் போக்கைக் கூட்டும் மரபணு மாற்றத்தைப் பற்றிய விவாதமாக இது இருந்திருந்தால், மீதிப் பாதியையும் ஏற்றிருப்பேன். மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் அது இருக்கும்போது தரும் கூடுதல் இடர் மிதமானது.

இந்த மூன்று புரதக் குறைபாடுகளும் அப்படியல்ல. பொதுமக்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் அளவில் நேரும் சிரை உறைவு, இக்குறைபாடு ஓடும் குடும்பங்களில், குறைபாடுள்ள உறவினரிடம் ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் வரை நேர்வதாகக் குடும்ப ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இவர்களில் பலருக்கு முதல் உறைவு ஐம்பது வயதுக்கு முன்பே வந்துவிடுகிறது. அதே சமயம், உறைதடுப்பு மருந்தை நாள்தோறும் எடுத்தால் பெரிய ரத்தப்போக்கு நேரும் வாய்ப்பும் ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கிறது. அதனால்தான் ஒருமுறையும் உறையாதவருக்கு அன்றாட மருந்து தருவதில்லை. அறுவை சிகிச்சை, காலைக் கட்டுப்போட்டு அசையாமல் வைத்தல், பேறுகாலம், பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்கள் ஆகியவற்றில் மட்டும் இடர் பன்மடங்கு எழும்புவதால், அந்தக் குறுகிய காலங்களில் தடுப்பு மருந்து தருகிறோம். பரிசோதனையின் பயன் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. வாசுகி அவர்களின் அனுபவம் அதற்குத் தக்க சான்று.

‘உனக்கு இல்லை’ என்ற முடிவின் தீங்கைப் பற்றி மெய்ப்பொருள் சொன்னது மிகச் சரி. இத்தகைய குடும்பங்களில் குறைபாடு இல்லாத உறவினர்களுக்கும் பொதுமக்களைவிட இடர் ஓரளவு கூடுதலாகவே இருக்கிறது. நாம் இன்னும் அளக்காத வேறு மரபுக்கூறுகளும் அங்கே சேர்ந்து இயங்குகின்றன என்றுதான் கொள்ள வேண்டும். ஆகவே ஆய்வகத் தாளைவிடக் குடும்ப வரலாற்றுக்கு எடை அதிகம். சித்தப்பாவின் மரணத்தை உங்கள் மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். கால் முறிந்து படுத்திருந்த இளைஞர் திடீரென மூச்சுத் திணறி இறந்தால், நுரையீரல் அடைப்பைத்தான் நான் முதலில் நினைப்பேன்.

நுண்ணோக்கி:

உறைதல் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். எந்தப் பரிசோதனை என்று கேட்காமல் ‘புரதம் எஸ்’ என்று மட்டும் எழுதி அனுப்பும் சீட்டுகளே எங்களுக்கு அதிகம் வருகின்றன என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரத்தத்தில் உள்ள புரதம் எஸ்-இல் ஏறத்தாழ 60 சதவீதம் சி4பி பிணைப்புப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. தனித்து உலவும் மீதி 40 சதவீதம்தான் புரதம் சி-க்குத் துணை நிற்கிறது. எனவே மொத்த அளவு இயல்பாக இருந்தும் தனித்த அளவு குறைந்திருக்கலாம். அதை மூன்றாம் வகை என்பார்கள். மொத்தமும் தனித்ததும் குறைந்தால் முதல் வகை. அளவு சரியாக இருந்து செயல்பாடு மட்டும் குறைந்தால் இரண்டாம் வகை, இது அரிது.

செயல்பாட்டை அளக்கும் சோதனை, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை வைத்துக் கணக்கிடுவது. ரிவரோக்சபான், அபிக்சபான் போன்ற மருந்துகள் ரத்தத்தில் இருக்கும்போது அந்த நேரம் நீண்டு, உண்மையில் குறைபாடுள்ளவருக்கும் இயல்பான எண் வந்துவிடும். அண்ணன் ரிவரோக்சபானில் இருப்பதால், ‘தனித்த புரதம் எஸ், ஆன்டிஜென் அளவு’ என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் அளக்கும் சோதனை அது. அதை இம்மருந்துகள் குழப்புவதில்லை. வார்ஃபரினாக இருந்தால் எந்த முறையிலும் குறைவாகத்தான் வரும். அதை நிறுத்திக் குறைந்தது இரண்டு வாரங்களாவது கழியாமல் பார்ப்பதில் பொருளில்லை. ஆனால் பரிசோதனைக்காக மருந்தைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். பெண்களின் இயல்பளவு ஆண்களுடையதைவிடச் சற்றுக் குறைவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பழைய ஏடு:

விவாதத்தின் போக்கைக் குலைக்காமல் ஒரு வரலாற்றுக் குறிப்பு. இந்தக் குறைபாடுகள் எல்லாமே குடும்பங்களைக் கவனித்ததால்தான் கண்டறியப்பட்டன. 1965-இல் எகெபெர்க் என்ற நார்வே மருத்துவர், உறைவு நோய் திரும்பத் திரும்பத் தோன்றிய ஒரு குடும்பத்தில் ஆன்டித்திராம்பின் குறைவாக இருப்பதை விவரித்தார். புரதம் சி குறைபாடு 1981-இலும், புரதம் எஸ் குறைபாடு 1984-இலும் அவ்வாறே குடும்பங்களில் விவரிக்கப்பட்டன. ஒருவர் தம் உறவினரின் நோய்களை நினைவுகூர்ந்து சொன்னதுதான் ஆய்வின் தொடக்கமாக இருந்திருக்கிறது. இன்னொரு செய்தி, வியப்புக்காக: மரபணு மாற்றப்பட்ட ஆடுகளின் பாலிலிருந்து பிரித்தெடுத்த மனித ஆன்டித்திராம்பினை, பிறவிக் குறைபாடு உள்ளவர்களின் அறுவை சிகிச்சைக்கும் பிரசவத்துக்கும் என 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்றது.

இளவேனில்:

எல்லோருக்கும் நன்றி. செங்குருதி ஐயா சொன்னபடி மாத்திரையை மாற்றிவிட்டேன். அதில் எஸ்ட்ரோஜன் இருந்தது. அக்கா இரண்டு ஐயங்களைக் கேட்கச் சொன்னாள். சத்தான புரத உணவைக் கூட்டினால் இது சரியாகாதா? அவள் மகனுக்கு இப்போதே பார்த்துவிட்டால் என்ன?

செங்குருதி:

உணவினால் இது மாறாது. குறைபாடு, கல்லீரல் அந்தப் புரதத்தை உருவாக்கப் பயன்படுத்தும் மரபணுவில் இருக்கிறது: புரதம் எஸ்-க்கு மூன்றாம் குரோமோசோமில், புரதம் சி-க்கு இரண்டாவதில், ஆன்டித்திராம்பினுக்கு முதலாவதில். இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே போதும் என்பதால், பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்கு 50 சதவீத வாய்ப்பு உண்டு. அப்பாவுக்கு 63 வயதுவரை ஒன்றும் நேரவில்லை என்பதைக் கொண்டு அவரிடம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. குறைபாட்டைச் சுமந்துகொண்டே வாழ்நாள் முழுதும் உறைவின்றிக் கழிப்பவர்கள் பலர்.

சிறுவனைப் பொறுத்தவரை அவசரமே இல்லை. ஒற்றைப் பிரதி பழுதான குழந்தைகளுக்குப் பதின்ம வயதுக்கு முன் தானாக உறைவது மிக அரிது. முதலில் அக்காவுக்குப் பார்க்கட்டும். அவரிடம் இல்லையென்றால் மகனுக்கு அந்த வழியில் வர இடமே இல்லை; அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

உடனடியாகக் குழந்தைக்குப் பார்த்தாக வேண்டிய நிலை ஒன்று உண்டு. இரண்டு பிரதிகளும் பழுதாகப் பெற்றுப் பிறக்கும் சிசுவுக்குப் பிறந்த சில மணி நேரங்களிலோ நாள்களிலோ தோலில் கருஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றி விரைந்து பரவும். தோலின் நுண்குழாய்கள் முழுதும் உறைந்து திசுக்கள் மடிவதால் நேர்வது அது. உயிர்காக்கும் அவசர நிலை. உடனே பிளாஸ்மாவோ, புரதம் சி குறைபாடாக இருந்தால் அதன் செறிவூட்டிய மருந்தோ ஏற்ற வேண்டும். தாய், தந்தை இருவருமே ஒரே குறைபாட்டைச் சுமக்கும்போதுதான் இது நேரும். இருவரும் நெருங்கிய உறவினராக இருந்தால் அந்த வாய்ப்பு கூடுகிறது. அதனால் உங்களுக்குக் குறைபாடு உறுதியானால், கணவருக்கும் ஒருமுறை பார்த்துவிடுவது நியாயமே.

மெய்ப்பொருள்:

இதை நான் மறுக்கவில்லை. யாருக்கு, எப்போது, எந்த முடிவை எடுப்பதற்காக என்ற கேள்விகளோடு செய்யும் பரிசோதனைக்கு நான் எதிரியல்ல. ‘எல்லோரும் பாருங்கள்’ என்று எழுதிக் கொடுத்த அந்த ஒற்றை வரிக்குத்தான் எதிரி.

வாசுகி:

இளவேனில், மருந்து மாற்றங்கள் பற்றி ஒன்று. கருத்தரிக்கும்போது ரிவரோக்சபான் போன்றவற்றைத் தரமாட்டார்கள். வார்ஃபரின் முதல் மூன்று மாதங்களில் கருவின் உறுப்பாக்கத்தைப் பாதிக்கும். ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைக் கடப்பதில்லை என்பதால் அதுதான் பாதுகாப்பு. பாலூட்டும்போது வார்ஃபரின் எடுக்கலாம். எங்கள் அம்மாவுக்கு வார்ஃபரின் தொடங்கியபோது, சில நாள்கள் ஹெப்பாரினையும் சேர்த்தே கொடுத்தார்கள். அதன் காரணத்தை மருத்துவர் சொன்னால் நன்றாயிருக்கும்.

செங்குருதி:

புரதம் சி ரத்தத்தில் நிலைக்கும் நேரம் மிகக் குறைவு. அதன் அரையாயுள் ஏறத்தாழ எட்டு மணி நேரம். உறைதலைத் தூண்டும் இரண்டாம் காரணிக்கோ அது இரண்டு நாள்களுக்கும் மேல். வார்ஃபரின் தொடங்கியவுடன் புரதம் சி முதலில் சரிகிறது. உறைதல் காரணிகள் மெல்லத்தான் இறங்குகின்றன. அந்த இடைவெளியில், ஏற்கெனவே புரதம் சி குறைந்தவருக்கு உறையும் போக்கு கூடி, மார்பிலோ தொடையிலோ பிட்டத்திலோ தோல் கறுத்து மடியும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கவே ஹெப்பாரினின் காவலோடு, வார்ஃபரினைச் சிறிய அளவில் தொடங்கி, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண் உரிய அளவை எட்டி நிலைபெற்ற பிறகு ஹெப்பாரினை நிறுத்துகிறோம்.

இளவேனில்:

சில மாதங்கள் கழித்து எழுதுகிறேன். அண்ணனுக்குத் தனித்த புரதம் எஸ் இருமுறை பார்த்தார்கள். இரண்டு முறையும் 30 சதவீதத்துக்குக் கீழேதான் வந்தது. அவர் மருந்தைத் தொடர்வது என்று முடிவாயிற்று. அப்பாவுக்கும் குறைவு, அம்மாவுக்கும் அக்காவுக்கும் இயல்பு. எனவே அக்காவின் மகனுக்குப் பார்க்கவில்லை. எஸ்ட்ரோஜனை நிறுத்தி நன்றாக இடைவெளி விட்டபின் எனக்குப் பார்த்தபோது 33 சதவீதம்; மீண்டும் பார்த்தும் அதேபோலத்தான். என் கணவருக்கு இயல்பு. இப்போதைக்கு எனக்கு மருந்து இல்லை. கருவுற்றது தெரிந்தவுடன் குருதியியல் மருத்துவரையும் பார்க்க வேண்டும் என்றும், பிரசவத்துக்குப் பின் ஆறு வாரங்கள் ஹெப்பாரின் உறுதி என்றும், பேறுகாலம் முழுவதும் தேவையா என்பதைக் குடும்ப வரலாற்றையும் கணக்கில் கொண்டு அப்போது தீர்மானிப்பதாகவும் சொன்னார்கள்.

ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. அப்பாவுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். தனக்கு ஒன்றும் வந்ததில்லை என்பதால் இதை மருத்துவரிடம் சொல்லத் தேவையில்லை என்கிறார்.

செங்குருதி:

கட்டாயம் சொல்ல வேண்டும். அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர் இருவரிடமும் சொல்லுங்கள். தடுப்பு ஹெப்பாரினை எப்போது தொடங்குவது, எத்தனை நாள் தொடர்வது என்பதை அவர்கள் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். முதுகுத்தண்டில் ஊசி போட்டு மரக்கச் செய்வதாக இருந்தால், ஹெப்பாரினுக்கும் அந்த ஊசிக்கும் இடையே உரிய நேர இடைவெளி விட்டாக வேண்டும். அறுவைக்குப் பின் கூடிய விரைவில் எழுந்து நடக்கச் செய்யுங்கள். வீடு திரும்பிய பின்னும் வரும் வாரங்களில் ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ, திடீர் மூச்சுத் திணறலோ, மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சு வலியோ, இருமலில் ரத்தமோ தோன்றினால், காலைவரை காத்திராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். போனவுடன் ‘புரதம் எஸ் குறைபாடு, மகனுக்கு நுரையீரல் அடைப்பு வந்திருக்கிறது’ என்று சொல்லுங்கள். அவருடைய ஆய்வகத் தாளின் படி ஒன்று அவரிடமும் மற்றொன்று உங்களிடமும் இருக்கட்டும்.